குப்பனூர் ஏற்றத்தில் ஒரு படபடப்பு

அயோத்தியாப்பட்டணத்துக்காரர்களுக்கு ஏற்காடு சுற்றுலாத் தலம் அல்ல, கொல்லைப்புறம். கோதண்டராமர் கோயில் பக்கம் டீ குடித்துக்கொண்டே வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை நிற்கும். வெளியூர்க்காரர்கள் சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போவார்கள். நாங்கள் குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறுவோம். அந்தப் பாதையில் பஸ்ஸும் காரும் குறைவு. சைக்கிள்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, பாதி ஏற்றத்தில், நெஞ்சுக்குள் யாரோ கல்லில் துணியை அடித்துத் துவைப்பது போல ஒரு படபடப்பு. மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். நாடித் துடிப்பு 188. எனக்கு வயது 48. இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போயிருந்தது. இடது கை! அதோடு உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போய்விட்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். டிவிஎஸ் 50இல் பலாப்பழம் கட்டிக்கொண்டு இறங்கி வந்த பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். "வாய்வாத்தான் இருக்கும் தம்பி. ரெண்டு பல்லு பூண்டு சுட்டுத் தின்னா ஏப்பம் வந்து எறங்கிரும்" என்றார்.

அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம், உயிருக்கே உலை வைப்பதாகவும் இருக்கலாம். எது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பிறகு நிறையப் படிக்கவேண்டியிருந்தது.

முதலில், ஏற்றம் என்பது எவ்வளவு வேலை? கணக்குப் போடுவது எளிது. ஆள் 70 கிலோ, சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் 15 கிலோ. இந்த 85 கிலோவை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்கக் கிட்டத்தட்ட 830 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஏறினால் நொடிக்கு 115 ஜூல், அதாவது 115 வாட். டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் 130 வாட்டைத் தொடும். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். ஏறக்குறைய இரண்டு ஃபேன்களை இரண்டு மணி நேரம் காலால் ஓட்டுவதற்குச் சமம். சமதரையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போக இதில் பாதிக்குச் சற்று மேல் போதும். அதோடு அங்கே மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி ஓடும். மலையில் நிறுத்தினால் வண்டி நிற்கும், நாம் சாய்வோம்.

தசை மிகச் சிக்கனமான எஞ்சின் அல்ல. சாப்பாட்டிலிருந்து எடுக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது, மீதி சூடாகிறது. 830 கிலோஜூல் வேலைக்கு உடம்பு சுமார் 900 கலோரி செலவழிக்கிறது. இட்லி ஒன்றுக்கு 50 கலோரி என்று வைத்தால் 18 இட்லி. நான் அன்று குடித்திருந்ததோ இரண்டு காபி, சாப்பிட்டது ஒன்றுமில்லை. இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்த உடம்பில் ஈரல் சேமித்து வைத்த சர்க்கரை காலையில் ஏற்கெனவே குறைந்திருக்கும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் உடம்பு அட்ரினலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும். அப்போது கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். மாரடைப்பு என்று நாம் பயப்படும் அறிகுறிகள் பலவற்றை ஒரு வெறும் வயிறு உண்டாக்கிவிடும்.

சூடாகப் போகும் பங்கு ஏறக்குறைய 3,000 கிலோஜூல். இதை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலில் ஆவியானால் 2,400 கிலோஜூல் சூட்டைக் கொண்டுபோகும். ஆவியானால் மட்டுமே. சொட்டி விழுந்த வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. சமதரையில் ஓட்டும்போது எதிர்காற்று அதை உலர்த்துகிறது. ஏற்றத்திலோ மணிக்கு 8, 10 கிலோமீட்டர் வேகம்தான், காற்றே கிடையாது. அதனால் சேலத்துச் சித்திரை வெயிலில் மலையின் மேல்பாதியைவிட அடிவாரத்து முதல் அரைமணி நேரமே கொடுமை.

பலரும் மூச்சு வாங்குவதற்கு மலை உயரத்தைக் காரணம் சொல்வார்கள். ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. பந்தயக்காரர்களுக்கு அது தெரியும், நமக்குத் தெரியாது. உயர்மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது. ஏற்காட்டில் மூச்சு முட்டினால் மலையைக் குறை சொல்ல முடியாது.

இப்போது அந்த 188. மணிக்கட்டுக் கடிகாரம் நாடியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி, ரத்தம் வந்து போகும்போது திரும்பும் வெளிச்சத்தில் உண்டாகும் ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. சைக்கிள் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி, மேடுபள்ளத்தில் குலுங்கிப் போனால் அந்தக் கணக்கு தடுமாறும். நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே எடுப்பதால் அது மேல்.

சரி, எண் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவதுதான் இதயத்தின் உச்சம் என்று ஜிம்மில் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு 172. இந்தச் சூத்திரம் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் போட்ட ஒரு குத்துமதிப்பு. 2001இல் தனாகா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அதைத் திருத்தி, 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கச் சொன்னார்கள். அதன்படி 174. இரண்டுமே சராசரிதான். ஒரே வயதுக்காரர்களிடையே பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடுவதும் குறைவதும் வெகு சாதாரணம், சிலருக்கு அதற்கும் மேல். என் வயதில் உச்சத் துடிப்பு 160 உள்ளவரும் உண்டு, 190 உள்ளவரும் உண்டு. ஆக, அந்த எண்ணைப் பார்த்துப் பதறியது என் அறியாமை. ஆனால் பதறியதும் துடிப்பு இன்னும் ஏறியது என்பது உண்மை.

எண்ணைவிட நம்பகமானது நாக்கு. மிதித்துக்கொண்டே ஒரு முழுக் குறளை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் மிதமான உழைப்பு. நாலு சீரிலேயே நின்றால் கடும் உழைப்பு. ஒரு சொல்லும் வரவில்லையென்றால் கியரைக் குறைக்கவேண்டும். உடற்பயிற்சி ஆய்வுக்கூடங்களிலும் பேச்சை வைத்து இப்படித்தான் சோதிக்கிறார்கள், அங்கே குறள் இல்லை.

சுண்டுவிரல் விஷயம் இன்னும் எளிது. முழங்கையிலிருந்து உள்ளங்கையின் வெளியோரமாக வரும் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போகும். வலது கைக்கும் வரும். பிடியை மாற்றி, கையை உதறினால் கொஞ்ச நேரத்தில் சரியாகும். இடது கை என்பதால் நாம் அதற்கு ஒரு கதை கட்டிவிடுகிறோம்.

அப்படியானால் எல்லாம் மனப்பிரமையா? இல்லை. 1768இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் அங்கிருந்த மருத்துவக் கல்லூரிச் சபையில் ஒரு கட்டுரை வாசித்தார். 1772இல் அது அச்சில் வந்தது. நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, அதிலும் சாப்பிட்ட கையோடு ஏறும்போது, நெஞ்சில் ஓர் இறுக்கம் பிடிக்கிறது. உயிரே போய்விடும் போலிருக்கிறது. நின்ற மறுகணம் போய்விடுகிறது. இதயத்தின் ரத்தக்குழாய் அடைப்பால் வரும் ஆஞ்சைனா வலியைப் பற்றி மருத்துவ உலகம் படித்த முதல் தெளிவான விவரிப்பு இதுதான். ஈசிஜி இல்லை, ஸ்டெதாஸ்கோப்பே இல்லாத காலம். அவரிடம் இருந்த ஒரே கருவி நோயாளி ஏறிய மேடு.

250 வருடம் கழித்தும் அவர் சொன்ன அடையாளம் மாறவில்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால், சும்மா இருக்கும்போது வரும் ரத்தம் போதும். ஏற்றத்தில் தேவை மூன்று நாலு மடங்காகும்போது போதாமல் இதயத் தசை கதறும். நின்றால் அடங்கும். ஒவ்வொரு வாரமும் அதே வளைவில் வந்து, நின்றதும் போய்விடுகிற இறுக்கம்தான் மலைக்காரன் பயப்படவேண்டிய வலி. வேடிக்கை என்னவென்றால், நின்றதும் போய்விடுவதால்தான் நாம் அதை 'வாய்வு' என்று விட்டுவிடுகிறோம். மாறாக, ஒரு விரலால் இங்கேதான் என்று தொட்டுக் காட்டமுடிகிற குத்தல், மூச்சை இழுத்தால் கூடுகிற வலி, நெஞ்சுத் தசையை அமுக்கினால் வலிப்பது, இவை பெரும்பாலும் தசையும் எலும்பும் செய்யும் வேலை. சர்க்கரை நோயாளிகளை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலாகவோ திடீர்ச் சோர்வாகவோ மாரடைப்பு வரலாம்.

ஹெபர்டன் இன்னொன்றும் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய நோயாளிகளில் ஒருவர் தினமும் அரைமணி நேரம் விறகு அறுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார், ஏறக்குறையக் குணமாகிவிட்டார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் உண்மையை எண்ணில் காட்ட 1993 வரை ஆனது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 1,200க்கும் மேற்பட்டவர்களிடம் மிட்டில்மேன் என்ற ஆய்வாளரின் குழுவினர், வலி தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்கள். வழக்கமாக எந்தப் பயிற்சியும் செய்யாதவர் திடீரென்று கடுமையாக உழைத்தால், அந்த நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு அவருடைய மற்ற நேரங்களைவிட 107 மடங்கு. வாரம் ஐந்து நாளோ அதற்கு மேலோ பயிற்சி செய்பவருக்கு 2.4 மடங்கு. அந்த ஒரு மணி நேரத்து அடிப்படை வாய்ப்பு மிகமிகச் சிறியது என்பதால் 107 மடங்கானாலும் பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். அதே மலை, அதே ஏற்றம், வேறு ஆள்.

வாரத்தில் ஆறு நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலை ஏறும் என்னைப் போன்றவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது விளக்கத் தேவையில்லை. விலையுயர்ந்த சைக்கிள் இதற்குப் பரிகாரம் அல்ல. திங்கள் முதல் வெள்ளி வரை மாசிநாயக்கன்பட்டிப் பக்கம் தினம் முக்கால் மணி நேரம் ஓட்டுவதுதான் பரிகாரம். கொல்லிமலையின் 70 வளைவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பவர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்று தெரியாது. நான் செய்யவில்லை.

2021 அக்டோபர் 29இல் நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபோது, நன்றாக உடற்பயிற்சி செய்தவருக்கே இப்படியா என்று பெங்களூரு இதய மருத்துவமனைகளில் கூட்டம் அலைமோதியது. 2022 மார்ச்சில் இத்தாலியச் சைக்கிள் வீரர் சோன்னி கோல்பிரெல்லி, பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்று ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், ஸ்பெயினில் ஒரு பந்தயத்தின் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. அங்கேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள். 35 வயதுக்குக் கீழே இப்படி நடந்தால் பிறவியிலேயே வந்த இதயத் தசைக் கோளாறோ மின்னோட்டக் கோளாறோ காரணமாக இருப்பது அதிகம். 35க்கு மேல் பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்புதான். குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் உண்டா, ஓடும்போது மயங்கி விழுந்தது உண்டா என்று மருத்துவர்கள் கேட்பது இதற்காகத்தான். ஏறி முடித்து நின்றபின் தலைசுற்றுவது வேறு, மிதித்துக்கொண்டிருக்கும்போதே மயக்கம் வருவது வேறு. முதலாவதில் கெண்டைக்கால் தசைகள் பிழிந்து மேலே தள்ளிக்கொண்டிருந்த ரத்தம் திடீரென்று காலில் தேங்கிவிடுகிறது. உச்சிக்கு வந்ததும் சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் மெதுவாக மிதித்தால் அது வராது. இரண்டாவது வந்தால் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும்.

வெயிலையும் லேசாக எண்ணக்கூடாது. 1967 ஜூலை 13இல் பிரான்சின் வான்டூ மலையில், டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், ஆங்கிலேய வீரர் டாம் சிம்சன் 29 வயதில் விழுந்து இறந்தார். அவர் ஊக்கமருந்து எடுத்திருந்தார் என்பது எல்லாரும் சொல்வது. கடும் வெயில் என்பதும், அந்தக் காலத்துப் பந்தய விதி ஒரு வீரருக்குக் கொடுத்த தண்ணீர் நாலு பாட்டில்தான் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதற்காகக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்கு மேல் குடித்துத் தள்ளியதே முக்கியக் காரணம். சோடியம் மிகவும் இறங்கினால் மூளை வீங்கும், வலிப்பு வரும். தாகம் எடுத்தால் குடிப்பது, உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ் கரைசலோ சேர்த்துக்கொள்வது, இது போதும். நம் ஊரில் நீர்மோரைக் கண்டுபிடித்தவருக்குச் சோடியம் என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை.

அன்று நான் மலையிலிருந்து உருட்டிக்கொண்டே இறங்கினேன். மறுநாள் சேலத்தில் ஒரு மருத்துவர் ஈசிஜி, எக்கோ பார்த்துவிட்டு டிரெட்மில் சோதனைக்கு எழுதினார். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1963இல் வகுத்த முறை அது. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீதச் சரிவில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். நாலாவது கட்டத்தில் 16 சதவீதச் சரிவு. ஏற்காட்டு ரோட்டில் எங்கும் நீளமாக அப்படி ஒரு சரிவு கிடையாது. அறைக்குள் ஒரு மலைப்பாதை, நெஞ்சில் ஒயர்கள், பக்கத்தில் மருத்துவர். ஹெபர்டனின் மேட்டை மின்சாரத்தில் ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான். சோதனை தவறாகவும் காட்டலாம். அடைப்பே இல்லாதவருக்கு இருப்பதாகச் சொல்லும், சிறிய அடைப்பைக் கோட்டைவிடும். அதனால்தான் அறிகுறியும் வயதும் குடும்பக் கதையும் தெரிந்த மருத்துவர் அதைப் படிக்கவேண்டும்.

என் இதயத்தில் கோளாறு ஒன்றும் தட்டுப்படவில்லை. வெறும் வயிறு, காபி, தூக்கக் குறைவு, வெயில், அதற்கு மேல் பயம். ஆனால் டிரெட்மில்லில் ஏறுவதற்கு முன் பார்த்த ரத்த அழுத்தம் 152/96. அடுத்தடுத்த நாட்களிலும் இறங்கவில்லை. எனக்கு ரத்த அழுத்தம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுக்க நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். பெரும்பாலோர் என்னைப் போல அறிகுறி எதுவும் இல்லாதவர்கள். நான் பயந்ததற்கும் கண்டுபிடித்ததற்கும் சம்பந்தமில்லை. படபடப்பு வராமல் இருந்திருந்தால் அந்தக் கருவிக்குக் கையை நீட்டியிருக்கவே மாட்டேன்.

பயம் மட்டும் மருந்துச் சீட்டில் தீரவில்லை. அடுத்த இரண்டு மாதம் ஒவ்வொரு துடிப்பையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். கேட்கக் கேட்க அது பெரிதாகக் கேட்டது. ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தினார்கள். 1955இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது வைத்தியம் பார்த்த பால் டட்லி வைட், அந்த வழக்கத்தை உடைத்தவர்களில் ஒருவர். நோயாளிகளைப் படிப்படியாக நடக்கவைத்தார். அவரே வயதான காலத்திலும் சைக்கிள் ஓட்டியவர், ஊருக்கெல்லாம் சைக்கிளைப் பரிந்துரைத்தவர். நானும் படிப்படியாகத்தான் திரும்பினேன். முதலில் குப்பனூர் வரை, பிறகு ஏற்றத்தில் இரண்டு கிலோமீட்டர், பிறகு நாலு.

இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறும்போது சேர்த்த 830 கிலோஜூல் இறங்கும்போது காற்றிலும் பிரேக்கிலும் சூடாகக் கழியவேண்டும். மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காமல் விட்டுவிட்டுப் பிடியுங்கள். என் கணிப்பில், ஏற்றத்தில் இதயம் நின்றுவிடுமோ என்று கவலைப்படுகிறவர்கள் இறக்கத்தில் ஹெல்மெட்டைப் பற்றிக் கவலைப்படுவது நல்லது.

நெஞ்சு இறுக்கம் நின்றபின்னும் போகாமல் பத்து நிமிடத்தைத் தாண்டினால், தோளுக்கோ தாடைக்கோ பரவினால், குளிர்ந்த வியர்வை வந்தால், பூண்டும் சோடாவும் தேடாதீர்கள். அடைத்த குழாயைத் திறக்கும் வேலை மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் நடக்கவேண்டும். கிராமத்து மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து மாரடைப்புக்குச் சிகிச்சை தரும் முறையைத் தமிழ்நாட்டில்தான் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர் குழுவினர் செய்து காட்டினார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஓராண்டுக்குள் இறப்போர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2ஆகக் குறைந்தது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் மருந்துகளைக் கொடுத்துவிட்டுத்தான் மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் பாதையில் அந்த நிலையம் எங்கே இருக்கிறது என்று ஏறுமுன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மலையில் எல்லா இடத்திலும் செல்போன் சிக்னல் கிடைக்காது. கிடைக்கிற இடத்திலிருந்து 108ஐக் கூப்பிட்டால், எந்த இடம் என்று சொல்லியாகவேண்டும். கொண்டை ஊசி வளைவின் எண் பலகையையோ கிலோமீட்டர் கல்லையோ கடக்கும்போது ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போங்கள்.